பின்னால் கூப்பிடாத மதினி

மதினி யாரையும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார். ஓடி வருவார். நாம் குடையை மறந்துவிட்டு வாசலைத் தாண்டியிருப்போம். அந்தக் குடையைத் தூக்கிக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கி, சேற்றில் சறுக்கி, நம்மைத் தாண்டிப் போய், முகத்துக்கு முகம் நின்ற பிறகுதான் வாயைத் திறப்பார். அதுவும் மூச்சு வாங்கி முடித்த பிறகு.

முதல் தடவை எனக்கு அப்படி நடந்தபோது உயிர் போய் உயிர் வந்தது. கம்பம்மெட்டு மலையில் ஐப்பசி மாதத்துப் பனி. பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. பின்னால் தடதடவென்று ஏதோ ஓடி வருகிறது. நான் நின்றேன். சத்தம் என்னை ஒட்டி வந்து, பக்கத்துச் செடிகளுக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு போனது. பன்றிதான் என்று முடிவுகட்டி, அசையாமல் நிற்கிறேன். எதிரே பனிக்குள்ளிருந்து மதினி வருகிறார். கையில் என் மப்ளர்.

"இத விட்டுட்டு வந்துட்டீக தம்பி."

"ஏனுங்க மதினி, வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பனுங்களே! இப்படியா ஆளைப் பயங்காட்டுறது?"

சிரித்தார். மப்ளரை என் கையில் திணித்துவிட்டு, வந்த வழியே ஏறிப் போய்விட்டார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மதினி என்றே இருக்கட்டும். என் பெரியம்மாவின் மகனைக் கட்டியவர். எங்கள் மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கத்தில் அண்ணி என்போம், கம்பம்மெட்டில் மதினி. அண்ணன் செத்துப்போய் அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியம்மா, மதினி, அண்ணனின் நாலு வயசு மகள் பாப்பா, இவ்வளவுதான் அந்த வீடு. சுற்றிலும் கொஞ்சம் ஏலத்தோட்டம். அதில் காய் எடுப்பு நடக்கிற நாளில்தான் நான் போய் இறங்கினேன், சென்னையிலிருந்து ஒரு கேமராவோடு.

கேமரா வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குச் சித்தூரில் தேங்காய் மண்டி. மகன் கல்லாவில் உட்காருவான் என்று இருந்தவரை அழுது, பட்டினி கிடந்து மாற்றி, சினிமாப் படம் எடுக்கிற வித்தை படிக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். அங்கே எங்கள் ஆசிரியர் ஒரு மனிதர். வாயைத் திறந்தால் குத்தல். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "முழுப் படம் எடுக்கிற யோக்கியதை உங்களுக்கு இன்னும் வரலை. முதல் காட்சி மட்டும் எடுத்துட்டு வாங்க. ஊமைப்படம்தான். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு சுருள். கொட்டகைக்குள்ளே வந்தவன் இன்னும் உட்காரலை. இருட்டுல இடம் தேடுறான், பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடுறான், கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். அவனை அப்படியே நிற்க வைக்கணும். அதுதான் முதல் காட்சி."

நான் உடனே எழுதிக் கொடுத்தேன். மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிறது, பறவைகள் பறக்கின்றன, கோபுரம் தெரிகிறது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "சூரியன் தினமும்தான் உதிக்கிறான். அதைப் பார்க்க எவனய்யா டிக்கெட் வாங்குவான்?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

சித்தூரில் எடுக்கலாம் என்றால், கேமராவை வெளியே எடுத்ததுமே தெருவே திரண்டு லென்ஸுக்கு முன்னால் தலைவாரிக்கொண்டு நின்றுவிட்டது. அதனால்தான் ஆள் நடமாட்டம் இல்லாத கம்பம்மெட்டுக்கு ஓடினேன். அங்கேயும் மனசில் இருந்தது சூரியன்தான், வெட்கம் இல்லாமல். ஆனால் பனி விலகினால் அல்லவா சூரியன்? வேறு வேலை இல்லாமல் மதினியைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்கக் கவனிக்க எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கடைக்குப் போவார். கடைக்காரர் முதுகைக் காட்டி நின்று அளந்துகொண்டிருப்பார். அவராகத் திரும்பும்வரை மதினி வாயைத் திறக்க மாட்டார். தோட்டத்தில் பெண்கள் குனிந்து காய் பறித்துக்கொண்டிருப்பார்கள். மழை வருகிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு அத்தனை பேரையும் சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்று சொல்வார். "மதினிக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்று அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் கேட்டேன். "அவளுக்கா? கல்யாணமாகி வந்த புதுசுல வாசல்ல நின்னு கோழியக் கூப்பிட்டா அந்த மலைக்குக் கேக்கும். வெங்கலத் தொண்டைல்ல!" என்றாள். அதற்கு மேல் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு காய் பறித்தாள். பாப்பாவும் அப்படித்தான். நான் எங்கேயாவது போனால் குடுகுடுவென்று ஓடி வந்து, என் முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பேசும்.

ஒரு மத்தியானம் மூளையில் பளிச்சென்றது. இதுதான் என் முதல் காட்சி! பனிக்குள் ஒருத்தி ஓடி வருகிறாள். அவளுக்கு முன்னால் ஒரு கிழவி போகிறாள். ஓடி வருகிறவள் கூப்பிடுகிறாள், கிழவி திரும்புகிறாள். சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே உளறிவிட்டேன்.

"மதினி, நாளைக்குக் காலையில பெரியம்மா முன்னாடி போகட்டும். நீங்க பின்னாடியே ஓடி வந்து, 'அத்தே'ன்னு ஒரு சத்தம் போடுங்க. அதைப் படம் புடிச்சுக்கறேன்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மதினியின் கரண்டி நின்றது. பெரியம்மா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே உதறினார்.

"என்னடா சொன்ன? பின்னால இருந்து கூப்பிடணுமா? இவளா?"

"சும்மா, படத்துக்குத்தானுங்க பெரியம்மா."

"ஒருத்தன அனுப்பிட்டா, போதாதா? என்னையும் அனுப்பணுமா?"

பெரியம்மா பிறந்தது சித்தூர்தான். வாழ்க்கைப்பட்டு வந்து இந்த மலைப் பேச்சுக்கே மாறிப் போனவர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று இறங்கிய குரலில் சொன்னார்.

"ஆடி மாசம். பேய்க்காத்து அடிக்குது. அவன் கம்பத்துக்குக் கெளம்பி வேலியத் தாண்டிட்டான். இந்தப் புண்ணியவதி வாசல்ல நின்னு, 'தீப்பெட்டிய விட்டுட்டுப் போறீக'ன்னு ஒரு சத்தம் போட்டா. திரும்பி வந்தான், எடுத்தான். பின்னால கூப்பிட்டுட்டா செத்த நேரம் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போடான்னு நான் சொல்லச் சொல்ல, சிரிச்சுக்கிட்டே போயிட்டான். அவன் அந்தப் பெரிய மரத்தடிக்குப் போகவும் கொப்பு முறிஞ்சு விழுகவும் சரியா இருந்துச்சு. இவ கூப்பிடாம இருந்திருந்தா மரத்தத் தாண்டியிருப்பானா மாட்டானா? படிச்சவன்தான நீ, கணக்குப் போட்டுச் சொல்லு."

நான் என்ன கணக்கைப் போட? தாண்டியிருப்பார்தான். அதுதான் கொடுமை.

"மரம் விழுந்ததுக்கு மதினி என்னங்க பண்ணுவாங்க?" என்றேன்.

"நீ சோத்தத் தின்னு." பெரியம்மா மதினியின் பக்கம் திரும்பவே இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கே சொல்லிட்டேன், இன்னைக்கும் சொல்றேன். இந்த வீட்ல இவ வாயிலருந்து பின்னால ஒரு சத்தம் கெளம்புச்சு, மறுநா காலைல பஸ் ஏத்தி இவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருவேன். பாப்பா இங்கதான் இருக்கும். அது என் மகன் மொகம். குடுக்க மாட்டேன்."

மதினி எனக்கு ரசம் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். மதினி வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

"நான் ஓடுறேன் தம்பி. கூப்பிட மட்டும் சொல்லாதீக."

"ஐயோ, வேண்டாமுங்க மதினி. நான் வேற ஏதாச்சும் எடுத்துக்கறேன்."

"ஓடுறதுக்கு அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாக. தெனம் ஓடுறதுதான? ஆனா எனக்கு ஒண்ணு செய்யணும். பாப்பாவ இதுல புடிச்சு ஒரு போட்டோ போட்டுக் குடுங்க. பொட்டிக்குள்ள வச்சுக்கிற மாதிரி சின்னதா."

"போட்டோ எதுக்குங்க? பாப்பாதான் கண்ணு முன்னாடியே இருக்குதுங்களே?"

"இருக்கிறப்பவே புடிச்சு வச்சுக்கணும்ல?"

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த மனுஷி ஒவ்வொரு நாளும், வாய் தவறி ஒரு சத்தம் வந்துவிடுமோ, பிள்ளை போய்விடுமோ என்று பயந்துகொண்டே கண்விழிக்கிறார். நானோ அவரைப் போய்ச் சத்தம் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டத்துக்கு மட்டும் பெரியம்மாவைச் சம்மதிக்க வைக்க ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினேன். அப்பாவிடம் பலித்த வித்தை இங்கேயும் பலித்தது. "நான் ஸ்டோருக்குப் போறது போறதுதான். நீ பின்னாடி என்னத்தையோ சுத்திக்கோ. அவ மொகம் மட்டும் தெரியக் கூடாது. நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாது பாரு" என்றார். ஸ்டோர் என்பது பச்சைக்காயைச் சூட்டில் காயவைக்கிற கொட்டகை. தினமும் காலையில் முந்தின நாள் காயைப் பெரியம்மாதான் சாக்கில் தூக்கிக்கொண்டு போவார்.

"உங்க வெத்தலைப் பையை வேணும்னே விட்டுட்டுப் போங்க பெரியம்மா, மதினி எடுத்துட்டு ஓடி வரட்டும்" என்றேன். முறைத்தார். உயிர் போனாலும் அந்தப் பையை இடுப்பிலிருந்து விடமாட்டார் என்பது மெட்டு முழுக்கத் தெரிந்த விஷயம். கடைசியில் ஒரு குடைக்குத்தான் ஒப்புக்கொண்டார்.

காலையில் பனி லேசாகக் கலைந்திருந்தது. முதலில் பாப்பாவை வாசல்படியில் உட்கார வைத்து, பொரி தின்கிறதைக் கொஞ்சம் எடுத்தேன். பிறகு இறங்கிப் போய் இடம் பார்த்தேன். வீட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை செடிகளுக்கு நடுவே சரிந்து வந்து, ஒரு பெரிய பாறையின் ஓரமாக ரோட்டில் விழும். ரோட்டுக்கு அந்தப் புறம் ஸ்டோர். நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, பாதையின் ஓரத்து மேட்டில், கேமராவை வீட்டைப் பார்க்க வைத்தேன். மதினியின் முகம் தெரியக் கூடாது என்று பெரியம்மா சொன்னது அந்த அவசரத்தில் மறந்தே போனது. சாவி கொடுக்கிற கேமரா அது. முழுக்கச் சுற்றினாலும் அரை நிமிஷம்தான் ஓடும்; பிறகு மறுபடி சுற்ற வேண்டும்.

பெரியம்மா சாக்கை இடுப்பில் அணைத்து, கம்பளியைக் காதோடு சேர்த்து மூடிக்கொண்டு இறங்கி வந்தார். நான் கையை ஆட்டினேன். மேலே மதினி குடையோடு கிளம்பினார். பொத்தானை அழுத்தினேன்.

என்ன ஓட்டம் அது! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செடிகள் இரண்டு பக்கமும் ஒதுங்க ஒதுங்க, ஒரு சத்தமும் இல்லாமல் வருகிறார். பெரியம்மா என்னைக் கடந்து ரோட்டுப் பக்கம் போய்விட்டார். படத்தில் இப்போது மதினி மட்டும். பாதித் தூரம் வந்தாயிற்று. வா, வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதினி நின்றுவிட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம். யார் நிற்கச் சொன்னது? சாவி தீர்கிறது, பிலிம் போகிறது, நட்ட நடுவில் நின்றால்? கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவும் முடியவில்லை. அவர் என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார். முகம் வெளுத்துவிட்டது. ஓடினால் எட்டாது என்று கால் தவிக்கிற தவிப்பிலேயே தெரிகிறது. சடக்கென்று திரும்பி வீட்டைப் பார்த்தார். வாசல்படியில் பாப்பா இன்னும் பொரி தின்றுகொண்டிருந்தது. ஒரு கணம் அங்கேயே பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். அதோடு சாவி தீர்ந்து கேமரா நின்றது.

"அத்தே! நில்லுங்க!"

அந்தச் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா பாறையின் விளிம்பில், ரோட்டில் வைக்கத் தூக்கிய காலோடு அப்படியே நின்றார். பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிறவள் ஓர் எட்டுக்கூட வைக்கக் கூடாது. ஆயுசு முழுக்கப் பழகிய பழக்கம். காதில் கேட்டதும் கால் தானாக நின்றுவிட்டது. அந்த நொடியில் பாறைக்குப் பின்னாலிருந்து, காய் ஏற்றுகிற ஜீப் ஒன்று அவர் முகத்தை உரசிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு உருட்டி வருவது அந்த மலை டிரைவர்களின் வழக்கம். பாறை மறைத்ததில் அவனுக்கு இவரைத் தெரியவில்லை. இவருக்கு அவனைக் கேட்கவில்லை.

சாக்கு கீழே விழுந்து பச்சைக்காய் ரோடெல்லாம் சிதறியது. சக்கரம் ஏறி நசுங்கிய காயின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. தள்ளி நிறுத்திவிட்டு டிரைவர் ஓடி வந்தான். "அம்மச்சி, கண்டில்ல! சத்தியமாயிட்டும் கண்டில்ல!" என்று மலையாளத்தில், தான் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தான். பெரியம்மா அவனைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி, மேலே நின்ற மதினியைப் பார்த்தார். மதினி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார்.

பெரியம்மா வீட்டுக்கு ஏறினார். முறை அதுதான். பின்னால் கூப்பிட்டுவிட்டால் திரும்பிப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மதினி முந்திக்கொண்டு ஓடி, செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. பெரியம்மா அதை வாங்கவில்லை. தானே எழுந்து போய்ப் பானையில் மொண்டு குடித்தார். பிறகு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு, சிதறிய காயைப் பொறுக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பின்னாலேயே போனேன். ரோட்டில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம், "இன்னிக்கு மதினி கூப்பிடாம இருந்திருந்தா நீங்க இல்லீங்க பெரியம்மா. அந்தக் கணக்கையும் போடுங்க!" என்று கத்தினேன். அவர் நிமிரவில்லை. "காயைப் பொறுக்கு" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது மதினி தன் தகரப்பெட்டியைத் திறந்து வைத்து, சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் பேசியது பாப்பா மட்டும்தான்.

பாப்பாவை எடுத்த துண்டை வெட்டி வைத்துவிட்டு, அந்தச் சுருளைச் சென்னையில் போட்டுக் காட்டியபோது நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்த பிறகு தன் நாற்காலிக்கு வந்தார். படம் ஓட ஆரம்பித்தது. உட்காரப் போனவர் நாற்காலிக் கையைப் பிடித்தபடி பாதி குனிந்தே நின்றுவிட்டார். திரையில் மதினி ஓடி வந்து, நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்ததும் படம் முடிந்து வெள்ளையாகிவிட்டது. "அப்புறம்? யாரைக் கூப்பிடுறா? எதுக்கு அங்கே திரும்பிப் பார்த்தா?" என்று நாலு பக்கமும் சத்தம். ஆசிரியர் நின்றபடியே, "அவ என்னய்யா சொன்னா?" என்றார். குத்தல் பேசுகிறவர் குரலில் குத்தலே இல்லை.

முதல் காட்சி எப்படி எடுப்பது என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். ஓட்டமும் பனியும் ஒருவனை நிறுத்தாது. மதினி திரும்பி வீட்டைப் பார்த்தாரே, அது நிறுத்தியது. ஒருத்தி எதையோ இழக்கத் துணிகிறாள் என்று தெரிகிறது. எதை என்று தெரியவில்லை. தெரிகிறவரைக்கும் எவனும் உட்கார மாட்டான். மதினி எதை இழக்கத் துணிந்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இருட்டில் என் கண் நிறைந்துவிட்டது. ஜீப்பைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். மறுநாள் காலையைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மதினி நல்ல சேலை கட்டி, பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு, தூங்குகிற பாப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிடுவார், அது மறுபடி விழும், மறுபடி ஒதுக்குவார். கம்பம் பஸ் மெட்டில் வந்து நிற்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் அதில்தான் கிளம்ப வேண்டும். மதினியின் பெட்டியை நான் தூக்க வேண்டி வருமோ என்ற நினைப்பே என்னைக் கொன்றது.

பெரியம்மா எழுந்தார். முகம் கழுவினார், திருநீறு பூசினார், சாக்கை இடுப்பில் அணைத்தார். எங்களைப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனார். வாசல் பெஞ்சில் ஏதோ கிடந்தது. அவருடைய வெற்றிலைப் பை.

மதினியும் நானும் ஒரே சமயத்தில்தான் அதைப் பார்த்தோம். மதினி பாய்ந்து எடுத்தார். வாசலுக்கு ஓடினார். பெரியம்மா வேலியைத் தாண்டி, பாதையில் நின்றுகொண்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நடக்கவில்லை, சும்மா நின்றார். மதினி வழக்கம்போலக் குறுக்கு வழியில் இறங்கச் செடிகளுக்குள் காலை வைத்தார்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்க?" பெரியம்மா திரும்பாமலேயே கேட்டார். "கூப்பிட்டா என்ன?"

மதினி அப்படியே நின்றார். உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது.

"அத்தே."

"கேக்கல."

"அத்தே!"

பெரியம்மா திரும்பினார். மேலே ஏறி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கையை நீட்டினார். மதினி வெற்றிலைப் பையைக் கொடுத்தார். "அது எதுக்குடி? தண்ணியக் கொண்டா" என்றார் பெரியம்மா. மதினி கொண்டுவந்த செம்பை வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, கதவோரம் இருந்த பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். "பிள்ளைய எழுப்பு. பஸ்ஸுக்கு இவன் போகணும், இட்லி ஊத்து" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் இட்லியைத் தின்றுவிட்டு, கேமராப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மெட்டில் பஸ் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தது. பாறையைத் தாண்டி ரோட்டில் இறங்கியிருப்பேன்.

"தம்பீ! பாப்பா போட்டோவ மறந்துறாதீக!"

வாசலில் நின்றபடியே கத்தினார். அந்த மலைக்கும் கேட்டிருக்கும். ஸ்டோர் வாசலில் பெரியம்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி, மேலே ஏறிப் போய், பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அதற்குள் பஸ் போய்விட்டது.